குழாயடியில் திரும்பி நின்றவள்

டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ராமசுப்பிரமணியன் கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடுவார். சித்தன்னவாசலுக்குப் போய்ப் படம் எடுக்க ஆயிரம் பேர் உண்டு. அவருக்குப் புதுக்கோட்டையில் தாம் குடியிருந்த மார்த்தாண்டபுரமே போதும். ரேஷன் வரிசை, சைக்கிள் கடை, மாவு மில் வாசலில் தலை வெளுத்து நிற்கும் பெண்கள். எல்லாம் ஸ்லைடு பிலிமில். கழுவி வந்ததும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தெருவே ஆச்சி என்று கூப்பிடும் அவர் மனைவி சேதுலட்சுமி, அந்நேரம் காபியை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

சேதுலட்சுமி காலமாகி நான்கு வருஷம். மகன் ராம்நாத் சிங்கப்பூரில்.

போன ஆடியில் சென்னைப் புகைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து ஷீபா என்ற பெண் வந்து, ஆயிரத்துச் சொச்சம் ஸ்லைடுகளையும் ஸ்கேன் செய்தாள். கடைசி நாள் கேட்டாள்: "சார், நீங்க எடுத்ததுல உங்க வீட்டம்மா படம் ஒண்ணு குடுங்களேன். உங்களப் பத்தின பக்கத்துல போடணும்."

இரண்டு நாள் தேடினார். ஒன்றுகூட இல்லை. வீட்டு மனுஷிதானே, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

எண்பத்தேழில் எடுத்த ஒரு குழாயடிப் படத்தில் மட்டும் கை நின்றது. எதிர்வீட்டுத் திலகவதி குடத்தோடு சிரிக்கிறாள். பக்கத்தில் முதுகு காட்டி ஒருத்தி. பச்சைச் சேலை, இறங்கிய கொண்டை. சேதுவா? நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர், அவருக்கே தெரியவில்லை.

விராலிமலையில் மகனோடு இருந்த திலகவதியைத் தேடிப் பஸ் ஏறினார். போனில் இருந்த படத்தை அந்த அம்மாள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்ம ஆச்சிதாண்ணே! நீங்க கேமராவோட வாரதப் பாத்ததும் திரும்பிக்கிட்டாக. ஏன் ஆச்சின்னு கேட்டேன். 'அவுக கொழாயத்தான் எடுக்க வாராக, நடுவுல நான் எதுக்கு'ன்னாக."

"கோவமாச் சொன்னாளா?"

"இல்லண்ணே. சிரிச்சுக்கிட்டேதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று பட்டது அவருக்கு.

"வேற என்னென்ன பேசுவா?" என்று கேட்டார்.

திலகவதி சொல்லத் தொடங்கினார். ஆச்சி நன்றாகப் பாடுவாராம். மத்தியானங்களில் தையல் கற்றுக்கொண்டாராம். ஒருமுறை ராமேஸ்வரம் போக ஆசைப்பட்டு, துணைக்கு வருகிறாயா என்று திலகவதியைத்தான் கேட்டாராம். இதில் எதுவும் ராமசுப்பிரமணியனுக்குத் தெரியாது. யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். புதுக்கோட்டைப் பஸ் மூன்று போய்விட்டது.

"நேரமாகுதேண்ணே, வீட்டுல யாரும் தேட மாட்டாகளா?"

"தேட யாரும்மா இருக்கா? நீ சொல்லு" என்றார்.