எஞ்சினுக்கு ஒரு பங்கு

சிங்கப்பூரில் எங்கள் பட்டறையில் காலையில் முதல் குளியல் எஞ்சினுக்குத்தான். படகின் பின்னால் மாட்டும் சின்ன எஞ்சின்கள். பழுது பார்த்து முடித்ததும், ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடித்து, அதன் விளிம்பில் எஞ்சினை மாட்டி முடுக்கிவிடுவோம். கூரைத் தகரமே அதிரும். தண்ணீர் புரண்டு முகத்தில் அடிக்கும். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் அது ஓர் அங்குலம் நகராது. கடலோரத்தில் பிறந்த எனக்கு இதைப் பார்த்து முதல் மாதம் முழுக்கச் சிரிப்பு. இப்போது பழகிவிட்டது.

முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர், "உன் ஊரில் எத்தனை படகு?" என்று கேட்டார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம், கட்டுமரம் அறுபது இருக்கும் என்றேன். "அப்படியானால் அறுபது எஞ்சின்" என்றார். மரம் என்பது கட்டைகளைக் கயிற்றால் பிணைப்பது, எஞ்சின் மாட்ட அதில் பலகை கிடையாது என்று மலாயும் சைகையுமாகச் சொன்னேன். எஞ்சினைத் தாங்க ஓர் இரும்புச் சட்டம் வேண்டும், அதற்கு நான் அளவு சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். மறுவாரமே பழைய எஞ்சின் ஒன்றைத் துடைத்துக் கையில் கொடுத்து, "இது ஓடினால் அந்தக் கரை முழுக்க நீதான் ஏஜெண்டு" என்றார். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு கடை, வாசலில் என் பெயர்ப் பலகை, கல்பாக்கத்திலிருந்து கோவளம் வரைக்கும் என் எஞ்சின் சத்தம். கூலிக்காரனாகக் கப்பல் ஏறியவன் முதலாளியாக இறங்க ஆசைப்பட்டால் அது குற்றமா? இங்கே வியர்வை சிந்துகிற நம்மவர்களில் யாராவது ஆமாம் என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

லீவு வாங்கி எஞ்சினோடு ஊருக்குக் கப்பல் ஏறினேன். செங்கல்பட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் நானே பக்கத்தில் நின்று, எஞ்சினை மரத்தோடு பிணைக்கச் சட்டம் அடித்து வாங்கினேன். எஞ்சினைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டிக் குப்பத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன் ஏழுமலையின் மரத்தில் நாலு பேர் போவார்கள். அண்ணன், சித்தப்பா மகன்கள் இருவர், அக்காள் புருஷன் கன்னியப்பன் மாமா. துடுப்பு என்றால் மாமாதான். அவர் தோளை நம்பித்தான் அந்த மரம் அத்தனை வருஷமும் கரை சேர்ந்தது. எஞ்சின் மாட்டிய முதல் நாள் காற்றே இல்லை. மற்ற மரங்கள் துடுப்புப் போட்டுத் திணறிக்கொண்டிருக்க, எங்கள் மரம் வலை கொள்ளாத மீனோடு வந்து கரையேறியது. கரையில் நின்ற சனம் கத்திய கத்தலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் குப்பத்தில் பங்கு பிரிப்பது மணலில், ஊர் பார்க்க. கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு குவியல், வலைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று. அண்ணன் போட்டு முடித்ததும், "எஞ்சினுக்கு எங்க?" என்று கேட்டேன்.

"இன்னாடா பேசற? எஞ்சினு மீனு துன்னுமா?"

"வலை மட்டும் துன்னுதா? அதுக்குப் போடறியே!"

யாரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே அம்மன் கோயில் எதிரில் ஊர்க்கூட்டம் கூடியது. குப்பத்துத் தலைவரை நாட்டார் என்போம். அவர் என்னை நிற்க வைத்துப் பேசினார். "கேக்கறது நியாயம்தான் நைனா. ஆனா எஞ்சினும் எண்ணெ டின்னும் ஏத்தி இன்னிக்கி மரம் முங்கிக்கினே வந்துது. நாலு ஆள இனிமே தாங்காது. எஞ்சினு ஒரு ஆளு பங்கு கேக்குது, ஒரு ஆளு எடமும் கேக்குது. யார எறக்கறது, நீயே சொல்லு."

எஞ்சினே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். செங்கல்பட்டுக் கடையும் அதோடு முடிந்திருக்கும். "துடுப்புக்குத்தான் இனிமே வேலையில்லையே" என்றேன். பெயர் சொல்லவில்லை. கன்னியப்பன் மாமா எழுந்து, துண்டில் ஒட்டிய மணலை உதறிவிட்டு நடந்துவிட்டார்.

நாட்டார் இன்னொரு தீர்ப்பும் சொன்னார். எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு; வரியும் உரிமையும் அதன்படிதான். நான் கப்பல் ஏறிய வருஷமே என் தலைக்கட்டை எடுத்துவிட்டார்கள். "நீ கணக்குல இல்ல. எஞ்சினு இன்னிலேந்து ஒரு தலைக்கட்டு. அது பங்க ஒன் ரத்தம்தான் எட்க்கணும், வேற யாரும் தொடக் கூடாது. ஒன் அக்கா எட்க்கட்டும்" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. மாமா உடம்பு நனையாமலே வீட்டுக்கு மீன் வரும், இதைவிட வேறென்ன வேண்டும் என்று அக்காள் வீட்டுக்கு ஓடினேன்.

அக்காள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "உன் மாமா குந்திகினு துன்ற ஆளாடா? வந்துட்டான் பங்கு குட்க்க!" என்றாள். மாமா உள்ளே துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குக் கல் சுமக்க ஆள் எடுக்கிறார்களாம்.

"எஞ்சின் மேல எனக்குக் கோவம் இல்ல மச்சான். நல்ல எஞ்சினு. ஆனா அது பங்க நான் துன்னா, அப்பால நான் யாரு?" என்றார்.

சிங்கப்பூர் திரும்பியதும் தவுக்கே கேட்ட முதல் கேள்வி, எஞ்சினால் எத்தனை ஆள் மிச்சம் என்பது. ஒருவர் என்றேன். "பாகுஸ்!" என்று முதுகில் தட்டினார். மலாயில் அதற்கு அருமை என்று அர்த்தம். அந்த ஒருவர் என் அக்காள் புருஷன் என்று சொன்னேன். "சொந்தக்காரனா? இன்னும் நல்லது, கடையில் உட்கார வை" என்று அதற்கும் சந்தோஷப்பட்டார். பக்கத்துக் குப்பங்களிலிருந்து எஞ்சின் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் அனுப்பத்தான் போகிறேன். துடுப்புப் போட்டே தோள் கழன்று சாகட்டும் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் அனுப்பப்போகும் ஒவ்வொரு எஞ்சினையும் துடைக்கும்போது, இது யாரை இறக்கப் போகிறதோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் எங்கள் குப்பத்து ஆள் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். என் அறைக்கு வந்து ஒரு சாக்கு மூட்டையை வைத்தார். "ஒன் எஞ்சினு பங்கு. ஒங்க அக்கா எட்க்கல. ஒங்க அண்ணன் காய வெச்சிக் குட்த்தாரு" என்றார். கருவாடு. அறைத் தோழர்களுக்கு ஒரே குஷி. உடனே வறுத்தார்கள். பக்கத்து அறைச் சீனர் கதவைத் தட்டி, ஏதாவது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். நான் ஒரு துண்டு வாயில் வைத்தேன். அக்காள் போடும் உப்பு என் நாக்குக்குத் தெரியும். இது அவள் கை இல்லை. மீதி மூட்டை என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, தின்னவும் முடியவில்லை.