வெளியே வைத்த ஜெனரேட்டர்

டேனியலுக்கு ஜோசபினின் மூச்சைத் தவிர உலகத்தில் வேறு கவலை கிடையாது. மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால்தான் அவளுக்கு மூச்சு. அவர்கள் குடியிருந்த சாங்வியிலோ இரண்டு தூறல் விழுந்தால் போதும், கரண்ட் ஓடி ஒளிந்துகொள்ளும். அதனால்தான் கையில் தூக்கிப்போகிற சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினார்.

அடேயப்பா, அதை அவர் பார்த்துக்கொண்ட அழகு! ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரியில் ஆயுசெல்லாம் ஃபிட்டராக இருந்தவர் இல்லையா? ஆயில் கறுக்கும்முன் மாற்றுவார். கரண்ட் போகாவிட்டாலும் அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பார். இன்ஜின் சூடு ஆறாமல் ஒரு சொட்டு பெட்ரோல் ஊற்றமாட்டார்.

"பொண்டாட்டியைவிட அதுக்குத்தான் உபசாரம்" என்று ஜோசபின் கேலி செய்வாள்.

"ஏட்டி, அதுவே உனக்குத்தானே!" என்பார்.

வீட்டுக்குள் ஓட்டினால் புகை ஆளைக் கொன்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரியாமல் என்ன? மாடிப்படிக்குப் பக்கத்தில், திறந்த நடையில்தான் வைத்திருந்தார். சத்தம் தாங்கவில்லை, உங்கள் பால்கனியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எதிர்வீட்டு ரமேஷ் சண்டைக்கு வந்தார். "காகா, அப்னி பால்கனி மே ரகோ!" சரி, எதற்கு வம்பு என்று சமையலறையை ஒட்டிய ட்ரை பால்கனிக்குக் கொண்டுபோனார்.

அந்த வீட்டில் அந்தப் பால்கனிக்குப் பெயரே 'வெளிய'. துணி வெளிய காயும், துடைப்பம் வெளிய இருக்கும். அம்மாவுக்குச் சாரல் ஆகாதென்று மகள் ஜான்சி அதற்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்த பிறகும் யாரும் பெயரை மாற்றவில்லை. பாழாய்ப்போன பெயர்!

அந்த ஜூலை மத்தியானம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கரண்ட் போனது. டேனியல் ஜெனரேட்டரை ஓட்டினார். சாரல் அதன்மேல் தெறித்தது. நனைந்தால் ஷாக் அடிக்கும், அதுவும் அவருக்கு மனப்பாடம். கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். ஒயர் உள்ளே போவதற்காகச் சமையலறைக் கதவு மட்டும் திறந்திருந்தது.

"எங்க வச்சிருக்கிய?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் ஜோசபின்.

"வெளியதாம்ட்டி. நீ பேசாம தூங்கு."

ஆக்ஸிஜன் மெஷின் நன்றாக ஓடியது. நிம்மதியாகக் கேனை எடுத்துக்கொண்டு ஔந்த் பக்கம் பெட்ரோல் வாங்கப் போனார். ரோடெல்லாம் தண்ணீர். திரும்பி வர நேரமாகிவிட்டது.

கதவைத் திறந்ததும் தலை கிறுகிறுத்தது. ஜெனரேட்டர் ஒரு திக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜோசபின் கன்னத்தில் நல்ல சிவப்பு. அசந்து தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார், தொட்டு உலுக்கும்வரை.

அவள் உயிர் எப்படிப் போனது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தியில் விளக்கினார். ஆக்ஸிஜன் மெஷின் காற்றைத் தானாக உண்டாக்காது. அறையில் இருப்பதைத்தான் இழுத்துக் கொடுக்கும். அறை முழுக்க ஜெனரேட்டரின் விஷக் காற்று. அதையும் சேர்த்து அவள் மூக்கில் ஊட்டியிருக்கிறது. கடவுளே, இப்படியும் ஒரு கொடுமை உண்டா!

ஜான்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போட்ட கண்ணாடியாலயா, பப்பா?"

இந்தப் பழியிலிருந்து மகளாவது தப்பட்டும் என்று நினைத்தார் டேனியல்.

"இல்ல மக்கா. அது திறந்துதான் கெடந்துச்சு. நான்தான் சாத்துனேன்."

ஜான்சி அவரையே பார்த்தாள். பிறகு, பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.