ஆள்குறைப்பு

எங்கள் லேஅவுட்டில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வகையினரும் அரைக்கால் சட்டையில்தான் திரிவார்கள். இரண்டு வகையினர் காதிலும் ஒரு வெள்ளைக் குமிழ் செருகியிருக்கும். காலை பதினோரு மணிக்கு நாயைப் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே ஆங்கிலத்தில் பேசியபடி ஒருவர் போனால், ஏதோ பெரிய மீட்டிங்கில் இருக்கிறார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். என் கணவருக்கு வேலை போய் மாதக்கணக்கில் பக்கத்து வில்லாவுக்குக்கூடத் தெரியாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். எங்கள் சாமர்த்தியம் என்று ஒன்றும் இல்லை.

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டி, மதில்மேல் மின்வேலி போட்ட முந்நூறு வில்லாக்கள். உள்ளே குடியிருப்பவர்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு பெருங்கூட்டம்; எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒன்றுக்குத் தலைவர். அவர்களுடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம். ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று முறை வைத்து மாறுகிற பெற்றோர்கள் ஒரு கூட்டம். இவர்கள் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு மாலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். பதினெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில் ஆளே கிடையாது. அவர்களெல்லாம் கனடாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். எங்கள் மகளும் ஜெர்மனியில்தான், கடனில் படிக்கிறாள்.

இது முன்வாசல் கதை. பின்வாசல் வழியாகச் சமையல்காரிகள், டிரைவர்கள், தோட்டக்காரர்கள், பெருக்குகிற பெண்கள் வருவார்கள். பகல் நேரத்தில் எண்ணினால் குடியிருப்பவர்களைவிட இவர்கள்தான் அதிகம். பொழுது சாய்ந்தால் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. குழந்தை பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பெருக்குகிற பெண்களில் பாதிப் பேர் கே.ஜி.எஃப். தமிழர்கள். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊருக்கு மிச்சமிருப்பது ரயில்தான். இருட்டோடு மாரிக்குப்பத்தில் ஏறி, இடம்பிடித்து, உட்கார்ந்தபடியே தூங்கி, ஒயிட்ஃபீல்டில் இறங்குவார்கள். நானும் அதே ரயிலில் பெங்களூருக்குப் படிக்க வந்தவள்தான். என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் இருந்தது தொழிலாளர்களுக்குக் கட்டிய தகரக்கூரை வரிசை வீடு, லைன் என்போம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுப் பெண்ணும் நானும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவள் பத்தோடு நின்றுவிட்டு, சுரங்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டாள். நான் மேலே படித்து, பள்ளிக்கூட டீச்சராகி, பெங்களூர்க்காரரைக் கட்டிக்கொண்டேன்.

நாங்கள் இந்த வில்லாவுக்குக் குடிவந்த வாரத்தில், கிளப்ஹவுஸ் பக்கம் நீல நிறச் சீருடையில் துடைப்பத்தோடு நின்ற அவளைப் பார்த்து நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டு, "குட் மார்னிங் மேடம்" என்றாள்.

"ஏன்டீ மேடம்ங்கற?"

"சூப்பர்வைசர் பாக்கறான். கம்னு போ."

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கத்தில்தான். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வந்துவிடுவாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற நேரமும் அதுதான். அவள் புருஷனுக்கு நுரையீரல் முழுக்கக் கல்தூசி. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சு விடுவதற்கு ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். இவள் லேஅவுட்டைப் பெருக்கினால்தான் அந்த மெஷின் வீட்டில் இருக்கும். அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. "அவர் இன்னா, ராஜா மாரி குந்தினு கீறாரு" என்பாள், அவ்வளவுதான்.

என் கணவர் வீட்டில் வேலை இழப்பது என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. அவருடைய தாத்தா மைசூர் சர்க்கார் உத்தியோகம், அப்பா கர்நாடக சர்க்கார் உத்தியோகம். மூன்று தலைமுறையாகச் சம்பளம் வராத மாதத்தைப் பார்த்திராத குடும்பம். இவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருபது வருடம் இருந்தார். ஒரு புதன்கிழமை, கணினித் திரையில் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவன் ஒருவன் வந்தான். இது உங்கள் திறமையைப் பற்றியது இல்லை, தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாதீர்கள், எண்கள் இப்படிச் சொல்கின்றன என்றான். அவன் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் லேப்டாப் தானாகவே பூட்டிக்கொண்டது. இவர் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பள்ளிக்கூடச் சம்பளம் வீட்டுக் கடனுக்கே போய்விடும். வேலைக்காரியை முதலில் நிறுத்தினேன். உடற்பயிற்சிக்காக நானே செய்கிறேன் என்று சொல்லிவைத்தேன். லேஅவுட் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். நாற்பத்தொன்பது வயதில் அவருக்கு ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. சவரம் செய்வதை விட்டார். பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி மாடி அறையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டால்தான் எனக்குக் கீழே வேலை ஓடும்.

அப்போதுதான் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் தேவைப்பட்டார். அந்தப் பதவிக்கு ஒருவரும் வர மாட்டார்கள். முந்நூறு வீட்டின் திட்டும் ஒருவருக்கே வரும். இவர் பெயரைக் கொடுத்தார், போட்டியே இல்லாமல் தலைவரானார். மறுநாள் காலை குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கி வந்தார். கழுத்தில் சங்கத்தின் அடையாள அட்டை. நான் அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மனுஷன் பிழைத்துவிட்டார் என்று இருந்தது.

பிழைத்தவர் சும்மா இருப்பாரா? பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இவர் மாடியில் உட்கார்ந்து ஒரு திட்டம் தயாரித்தார். ஒரு நாள் நான் துணி மடித்து வைக்கப் போனபோது, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்களைப் பெருக்க ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற மெஷின் இரண்டு. ரயிலில் வருகிற பெண்களுக்குப் பதிலாக, பக்கத்துக் கொட்டகையிலேயே தங்கி நீண்ட நேரம் வேலை செய்கிற வடகிழக்குப் பையன்கள் கொஞ்சம் பேர். வேறு கான்ட்ராக்டர். ரயில் பெண்கள் மொத்தமும் வெளியே. கடைசியில் கண்ணாடியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: இது யாருடைய திறமையைப் பற்றியதும் இல்லை, தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டேன்.

"இந்தப் பேச்சை எங்க கத்துக்கிட்டீங்க?"

அவர் கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டார்.

"அவ என் கூடப் படிச்சவ. அவ வீட்டுக்காரருக்கு மூச்சு விட முடியல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நல்ல வொர்க்கர். அவங்கள பத்திப் பேச்சே இல்ல."

"உங்கள அனுப்பினவனும் இதைத்தானே சொன்னான்?"

"ஆமா" என்றார். குரல் உயரவே இல்லை. "அவன் சொன்னது தப்பில்லியே. நம்பர்ஸ் கரெக்ட்டா இருந்துச்சு. அவன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்."

கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. தன்னை வெளியே தள்ளியது நியாயம்தான் என்று நம்பினால்தான் இந்த மனுஷனால் எழுந்து நடக்க முடிகிறது. அது நியாயமாக இருக்க வேண்டுமென்றால் அதையே இன்னொருவருக்குச் செய்தும் காட்ட வேண்டும். நான் இதைத் தடுத்தால் இவர் மறுபடி மாடி நாற்காலிக்குப் போய்விடுவார். தடுக்காவிட்டால் அவள் வீட்டு மெஷின் போய்விடும். அப்படியும் விடவில்லை. ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சு. அவளை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "நம்ம வீட்டுக்கு ஒரு ரூல், ஊருக்கு ஒரு ரூலா?" என்றார். சர்க்கார் பரம்பரை அல்லவா, சலுகை காட்டினால் பாவம்.

பொதுக்குழு கிளப்ஹவுஸில் நடந்தது. சமோசாவும் டீயும் வைத்திருந்தார்கள். நான் எழுந்து பேசினேன். பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய வாய், நன்றாகவே பேசினேன். இத்தனை வருடம் நம் வாசலைப் பெருக்கியவர்கள், இந்த வயதில் வேறு எங்கே போவார்கள் என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண்மணி என் தோளைத் தொட்டு, மனதைத் தொடுகிற மாதிரிப் பேசினீர்கள் என்றார். அதன்பிறகு எல்லோரும் திட்டத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார்கள். வீட்டுக்கு ஒரு ஓட்டு. எங்கள் வீட்டு ஓட்டு ஏற்கெனவே மேடையில் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவரின் அப்பா, புதுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமையும் வருவார்களா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார்.

அன்று மதியம் என் கணவர் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பகலில் நிம்மதியாகத் தூங்கினார். அவர் தூங்குவதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவரை உலுக்கி எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும்போலவும் இருந்தது.

கடைசி நாள் அன்று அவள் சாப்பாட்டுக்குக் கொல்லைப்பக்கம் வரவில்லை. மறுநாள் முதல் அவள் பெயர் கேட் காவலர்களின் கைப்பேசிச் செயலியிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு நானே கூப்பிட்டால்தான் உள்ளே விடுவார்கள். சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தின் கோடியில், ரயிலுக்குக் காத்துக்கொண்டு எங்கள் லேஅவுட்டின் பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் சொந்தப் புடவையில் இருந்தார்கள். அவர்களை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அவள் எழுந்து கொஞ்சம் தள்ளி வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ பேசினியாமே கூட்டத்துல. டிரைவர் பையன் சொன்னான்."

"பேசி என்ன ஆச்சு?"

"சரி வுடு. அவரு தலிவரு, அவரு வேல அது." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன், ரோசப்படாம கேளு. உன் வூட்ல ஆளு இல்ல இல்ல? நான் வரேன். பாத்திரம், பெருக்கறது, துணி. உன் வூட்ல ஒண்ணு இருந்தா கேட்டுல வுட்டுருவாங்க, அத வெச்சு இன்னும் நாலு வூடு நானே புடிச்சுக்குவேன். கூடப் படிச்சவன்னு எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல."

நான் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"உனுக்குத்தான் வெக்கமா?" என்றாள்.

"இல்லடீ."

"அப்ப இன்னா?"

ஒரு வீடு போதும் அவளுக்கு. எங்களிடம் அந்த ஒரு வீட்டுச் சம்பளம் இல்லை. என் அம்மாவுக்குக்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"அவருக்கு வேலை இல்லடீ. போயி ரொம்ப மாசமாச்சு. மகளுக்கு அனுப்பவே கையில இல்ல. அதான் ஆளை நிறுத்தினேன். யாருக்கும் தெரியாது, உனக்குத்தான் சொல்றேன்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். சின்ன வயதில் நான் சொல்லுகிற எதையும் அப்படியே நம்புகிறவள்.

"வேல இல்லாதவரா எங்க அல்லாரு வேலயயும் எடுத்தாரு?"

"ஆமா."

"வாணாம்னா வாணாம்னு சொல்லிடு. அதுக்கு புருஷனுக்கு வேல இல்லன்னா சொல்லுவ? வாயில நல்ல வார்த்த வராதா உனுக்கு?"

"சத்தியமாடீ."

அவள் திரும்பி மற்றப் பெண்களிடம் போய் உட்கார்ந்தாள். "இவ வூட்டுக்காரருக்கு வேல இல்லியாம்" என்று அவர்களிடம் சொன்னாள். அவர்கள் எல்லோரும் என் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். ரயில் வந்தது. பெட்டியில் இடம்பிடிப்பதற்காக அவளும் மற்றவர்களோடு ஓடினாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.