வேம்படிக் குழி

செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், பாலாற்றங்கரையில் காலை நடை போகும்போது அவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். வெயிலே படாமல் வெளுத்துப்போன கால்கள். வேப்பமரத்தடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டிருந்தார். பட்டு நெய்கிறவர்கள் தறியில் அப்படித்தான் உட்கார்வார்கள். ஆனால் அங்கே தறி இல்லை, எதிரே ஆறு மட்டும்தான்.

"இங்க எதுக்குங்க குழி?" என்று கேட்டேன்.

"ஆயுசு பூரா செவுத்தப் பாத்துக்கினே தறியில ஒக்காந்தேம்பா. இப்பதான் காத்து, கொக்கு, ஆத்து மணலு எல்லாம் பாக்கறேன். ஆனா கால மடக்கினா ஒக்காந்த மாதிரியே இல்ல."

பேசும்போதே அவர் பாதங்கள் தறி மிதிப்பதுபோல மாறி மாறி அழுந்திக்கொண்டிருந்தன. நான் கவனிப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"தறியக் கழட்டிப் போட்டு மூணு வருஷம் ஆவுது. காலுக்கு இன்னும் சொல்லல."

தை முடிந்ததிலிருந்து அவரைக் காணவில்லை. விசாரிக்கலாமென்றால் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. மரத்தடி முழுக்க வேப்பஞ்சருகு கொட்டிக் கிடக்கிறது. குழிக்குள் மட்டும் ஒரு இலைகூட இல்லை.

நேற்று களைப்பில் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன். காற்று சுகமாக இருந்தது. அக்கரைக் கொக்குகளைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்துவிட்டேன். தற்செயலாகக் குனிந்தபோது, என் பாதங்கள் மாறி மாறி மண்ணை மிதித்துக்கொண்டிருந்தன.

நான் வாழ்நாளில் தறியில் உட்கார்ந்ததே இல்லை.