ஒன்பதாம் கேள்விக்கு அம்மா சொன்ன பதில்

என் அம்மா சவுரியம்மாள் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பதினெட்டு வருஷம் ஆவாரம்பட்டை இடித்தாள். கறை ஏறி அவள் உள்ளங்கை எப்போதும் செம்பழுப்பாகவே இருக்கும். அந்தக் கைதான் என்னை வேலூர் காலேஜுக்கு அனுப்பியது. நானோ ஹாஸ்டலில், அம்மா அணைக்கட்டு ஊரில் டீச்சர் என்று கதை அளந்து வைத்திருந்தேன். வாணியம்பாடி நயீம் அகமது, என் உயிர்த் தோஸ்த், அவனும் நம்பினான்.

1931இல் புதிதாக ஒரு துரை பாடம் எடுக்க வந்தார். மதம் என்றால் சாமியை நம்புவது மட்டுமில்லை, யார் யாரோடு சேர்ந்து உட்காருகிறார்கள் என்பதும்தான் என்று ஆரம்பித்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு ஒன்பது கேள்விகள் அச்சடித்த தாளைக் கொடுத்து, வீடு வீடாகப் போய்க் கேட்கலாம், ஆம்பூருக்குப் போவோம் என்றார். ஜுரம் என்று படுத்திருக்கலாம், அந்தப் புத்தி வரவில்லை.

நாங்கள் போனது ஷாப் நேரம். சேரியில் ஆளில்லை. கால் வீங்கி வேலைக்குப் போகாத அம்மா மட்டும் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பின்னால் துரையும் நயீமும் இருந்தார்கள். நான் தாளைப் பார்த்தபடி கேட்டேன்.

"உங்க பேர் என்னங்க?"

அம்மாவை நான் ஒரு நாளும் 'உங்க' என்றதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சவுரியம்மாளுங்க ஐயா."

"மாதா கோயில்ல எங்க உக்காருவீங்க?"

"கடைசியிலங்க. முன்னாடி பெரிய சாதிக்காரங்க. நற்கருணையும் அவங்களுக்கு அப்புறந்தாங்க."

"அது கஷ்டமா இல்லீங்களா?"

"யாரோ வெளியாளுங்கதானே தள்ளி வெக்கிறாங்க. அதுல இன்னாங்க ஐயா கஷ்டம்."

ஒன்பதாவது கேள்வியைத் தாண்டிவிடப் பார்த்தேன். துரை விரலை வைத்துக் காட்டினார்.

"பிள்ளைங்க எத்தினி பேருங்க?"

அம்மா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க ஐயா."

'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று துரை அந்தத் தாளையே வகுப்பில் காட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்களைத் தேடிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் பதிலெல்லாம் சரியா சொன்னேனா கண்ணு? தொரை உன்ன ஒண்ணும் சொல்லலியே?"