அம்மா நீட்டிய கும்பா

மொச்சைக் குழம்பு கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பசி வரும். எனக்குச் சினிமா ஞாபகம் வரும், கூடவே வயிறெரியும். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது.

ராசிபுரத்தில் காலையில் ஒன்றாக நடக்கப் போகும் பெண்கள் நாங்கள் ஐந்து பேர். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், எல்லாருக்கும் முழங்கால் வலி. சரசுவின் மகன் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி மாட்டிவிட்டுப் போனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் கூடி ஆளுக்கொரு வாரம் ஒரு படம் என்று பார்க்க ஆரம்பித்தோம். யாருடைய வாரமோ அவர்கள் தங்களுடைய "ஆல் டைம் ஃபேவரிட்" படத்தைச் சொல்ல வேண்டும், ஏன் பிடிக்கும் என்றும் சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் கதாநாயகனின் சுருட்டை முடி, இன்னொருத்திக்குக் கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரோடு பார்த்த படம். என் முறை வந்தபோது சரசு, "நர்சக்கா, இந்த வாரம் உங்க படமுங்க. யோசிச்சு வைங்க" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது? என் படம் எதுவென்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

நான் பிறந்தது கொல்லிமலையில், பைல் நாடு என்கிற பகுதியில். மலைக்கு பஸ் வராத காலம் அது. மிளகும் பலாவும் வாழையும் தலைச்சுமையாகக் கீழே முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும், உப்பும் மண்ணெண்ணெயும் அதே தலையில் மேலே ஏறும். ஒருநாள் உச்சி வெயிலில் பேண்ட் போட்ட மூன்று பேர் எங்கள் ஊருக்குள் வந்தார்கள். அவர்களுடைய பெட்டிகளை எங்கள் ஆட்களே சுமந்து வந்திருந்தார்கள். மலையைப் படம் பிடித்து நாடு முழுக்க இருக்கிற சினிமாக் கொட்டகைகளில் காட்டப் போவதாகச் சொன்னார்கள். கொட்டகையையே பார்த்திராத பெண்கள்கூட ஓடிப்போய்த் தலைவாரிக்கொண்டார்கள். என் அம்மா செல்லாயி, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைப் பெட்டியடியிலிருந்து உருவிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவர்களில் இளையவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம்மா, தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்றான். வந்தவர்கள் சொல்கிறார்களே என்று அம்மா திரும்பிப் போய், காட்டுவேலைக்குக் கட்டுகிற, தோளில் ஒட்டுப்போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். காதில் கிடந்ததையும் கழற்றச் சொன்னான். கழற்றினாள்.

கூரையிலிருந்து புகை வருவதைப் பிடித்தார்கள். சாமை குத்துவதைப் பிடித்தார்கள். பிள்ளைகள் எங்களை வரிசையில் நிறுத்தி, மூக்கொழுகுகிறவனாகப் பார்த்து முன்னால் தள்ளினார்கள். அம்மாவுக்கு இது எதிலும் மனம் ஒட்டவில்லை. விடியலிலிருந்து மலையேறி வந்தவர்கள் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே என்பதுதான் அவள் கவலை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, புது ஆள் வந்தால் முதலில் சோறு, பிறகுதான் "என்ன விசயமா வந்தீங்க" என்ற கேள்வி. அதையும் கொடுக்கிறவர் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் நீட்டினால் மனமில்லாமல் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மா உள்ளே போய், எங்கள் வீட்டில் இருந்த ஒரே பித்தளைக் கும்பாவில் சாமைச் சோற்றைப் போட்டு, மேலே மொச்சைக் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தாழ வைத்த மிஷினில் ஒற்றைக் கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தவர்தான் அவர்களில் மூத்தவராகத் தெரிந்தார். பெரியவருக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும்? அம்மா நேராக அவர் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் கும்பாவை நீட்டி, "சாப்புடுங்க சாமி, பசியோட வந்திருப்பீங்க" என்றாள். அவர் வாங்கவில்லை. கண்ணை எடுக்காமலே, அப்படியே நில்லு என்று கையால் சைகை காட்டினார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா நின்றாள். முதலில் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. நேரம் ஆக ஆக, நம்ம கையில வாங்க மாட்டாங்களோ, மலைக்காரிங்க சோறுன்னு யோசிக்கிறாங்களோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. புருவம் சுருங்கியது, உதடு வாடியது. "சாப்புடுங்க சாமி" என்று இன்னொரு தடவை கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு மிஷின் நின்றது. மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழம்பு பிரமாதம் என்று சொல்லி மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும்போது அம்மா ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தனுப்பினாள். அன்று ராத்திரி எங்களுக்குக் கூழ்தான். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "ஒரு வா தின்னுட்டுப் போனாங்களே, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் மிளகு மூட்டையோடு கீழே போய்வந்த என் சித்தப்பா, மூச்சு வாங்க ஓடிவந்து, "மதினி, நீங்க படத்துல வாறீங்க" என்றார். முள்ளுக்குறிச்சிக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் போடுகிற நியூஸ் ரீலில் அம்மா வருகிறாளாம், முகம் திரை முழுக்கத் தெரிகிறதாம். அந்த வாரச் சந்தைக்கு எங்கள் ஊரே இறங்கியது. அம்மா, இந்தத் தடவை யாரும் தடுக்க முடியாது என்கிற மாதிரி, அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டாள்.

கொட்டகைக்குள் பெண்கள் பக்கம் மணலில் அம்மாவின் மடியை ஒட்டி உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்து விளக்கை அணைத்தார்கள். எங்கள் மலை வந்தது. எங்கள் கூரை, எங்கள் புகை, மூக்கொழுகும் எங்கள் பையன். பிறகு அம்மா வந்தாள். என் அம்மா, வீட்டு உயரத்துக்கு. சந்தோஷத்தில் அவள் மடியைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் அந்தக் குரலைக் கேட்டேன். படம் பிடிக்க வந்தவர்கள் பேச்சைப் பிடிக்கிற மிஷின் கொண்டுவரவில்லை. யாரோ ஒருவர் எங்கோ குளுகுளுவென்று உட்கார்ந்து மேடைத்தமிழில் பேசியதை அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். நாகரிகம் எட்டாத மலையில், வெறும் பாத்திரத்தை ஏந்தி உதவிக்காகக் காத்து நிற்கிறாள் இந்தத் தாய் என்றது அந்தக் குரல். கும்பாவுக்குள் சோறு இருந்தது கீழேயிருந்து பிடித்ததில் தெரியவில்லை. திரையில் அம்மாவின் உதடு "சாப்புடுங்க சாமி" என்று அசைந்தது. அந்தக் குரல் அதற்கு, "ஐயா, பசிக்கிறது, உதவுங்கள்" என்று அர்த்தம் சொன்னது.

நாசமாய்ப் போகிறவர்கள். தின்ற சோறு செரிப்பதற்குள் இப்படி ஒரு வார்த்தை.

கொட்டகை முழுக்க "உச்" கொட்டியது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பக்கத்தில் இருந்த கீழ்நாட்டு அம்மாள் ஒருவர் திரையையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அது உங்களாட்டமே இருக்குதுங்களே?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அது வேற யாரோ" என்றாள் அம்மா.

"அம்மா, அது நீதானே" என்று நான் வாயைத் திறந்தேன். அவள் கை என் வாயைப் பொத்தியது. அதன்பிறகு பெரிய படம் ஓடியது. எழுந்து போனால் அது தான்தான் என்று தெரிந்துவிடும் என்று அம்மா கடைசி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அழுதார்கள், விசிலடித்தார்கள். அந்தப் படத்தின் பேர்கூட எனக்கு இன்றைக்கு வரை தெரியாது.

மிளகு வாங்குகிற மண்டி வாசலில் படுத்திருந்து விடியலில் மலையேறினோம். அப்பா பாதி வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். "நம்ம சோத்தத் தின்னவனுக்கு இப்பிடிச் சொல்ல எப்பிடி நாக்கு வந்துச்சோ" என்றார். சித்தப்பாவிடம் நான், "உங்களுக்குக் காது கேக்காதா? மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்று சண்டைக்குப் போனேன். "மொகத்தப் பாத்த சந்தோசத்துல எதுவும் காதுல ஏறல கண்ணு" என்றார் பாவம். வீடு வந்ததும் அம்மாவின் அரக்குச் சேலை பெட்டியடிக்குப் போயிற்று.

அவள் சோறு போடுவதை நிறுத்தவில்லை. வழக்கத்தை எப்படி விட முடியும்? ஆனால் அதன்பிறகு யார் வந்தாலும் கும்பாவைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வாள். கையை நீட்டவே மாட்டாள். உறவுக்காரர்களுக்கு அது பெரிய மனத்தாங்கலாகிவிட்டது. "நாய்க்கு வெக்கறாப்பல வெக்கறா, சினிமாவுல வந்த மெதப்பு" என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஊருக்கெல்லாம் அள்ளிப் போட்டவள், கடைசியில் கர்வக்காரி என்று பேர் எடுத்தாள். நான் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்து விடுமுறைக்கு வரும்போது எனக்கும் அப்படித்தான் வைப்பாள். "கையில குடும்மா" என்று அழுதிருக்கிறேன். "எடுத்துத் தின்னு கண்ணு" என்பாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் நர்ஸ் பயிற்சியில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு போட்டோ கிடையாது. அவள் முகம் இந்த உலகத்தில் எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால், அது அந்த நாசமாய்ப்போன ரீலில்தான். சத்தத்தை அணைத்துவிட்டு அதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு ஆசை.

போன மாதம் சரசு வீட்டில் நான் சொன்னது அந்த ரீலைத்தான். என் படம் ஒரு நியூஸ் ரீல், கொல்லிமலையைப் பற்றியது, அதற்குப் பேர் தெரியாது என்றேன். சரசுவின் பேரன் போனில் தேடோ தேடென்று தேடினான். அப்படி எதுவும் இல்லை, பாட்டி என்றான். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ரீல் எந்தக் குடோனில் கரையான் தின்றதோ, யார் கண்டது?

சரசு முள்ளுக்குறிச்சிக்காரி. திடீரென்று அவள் முகம் மலர்ந்தது.

"அட, அதுங்களாக்கா? நானும் பாத்திருக்கேனுங்க, எங்கூருக் கொட்டாயில ஓட்டுனாங்களே. பாவம், ஒரு பொம்பள கும்பாவ நீட்டிட்டு அழுவறாப்பல நிப்பா. எங்கப்பா அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும் பழைய சீலையெல்லாம் எடுத்து மூட்ட கட்டி, மலைக்காரங்களுக்குக் குடுங்கன்னாரு."

அறுபது வருஷமாகியும் அந்தக் குரல் சொன்னது அப்படியே இருக்கிறது. அம்மா சொன்னது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

"அது எங்கம்மா, சரசு" என்றேன். "வாங்க நிக்கல. குடுக்க நின்னாங்க. அந்தக் கும்பா நெறையச் சோறு."

சரசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசுக்காரி, என் தோளைத் தடவிக்கொடுத்து, "அதுக்கென்னங்கக்கா, அந்தக் காலத்துல எல்லாருமே கஷ்டப்பட்டவங்கதானுங்களே. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

வேறு யாரோ வேறு ஏதோ படம் சொன்னார்கள், அதைப் போட்டார்கள். சரசு உள்ளே போய்ச் சூடாக வெங்காய பஜ்ஜி கொண்டுவந்து, எனக்குத்தான் முதலில் என்று, இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.

"கீழ வை சரசு, எடுத்துக்கறேன்" என்றேன்.