மாமாவின் ஏழாவது பட்டம்

எங்கள் மாமா ஆறு வருடம் தொடர்ந்து மாவட்ட ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். அந்த ஆறு வருடத்தில் அவர் யாரையும் ஒரு குத்துகூடக் குத்தியதில்லை, யாரிடமும் ஒன்றுகூட வாங்கியதும் இல்லை. எதிர்த்து நிற்க ஆளே வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விதிப்படி ஜெயித்த பட்டங்கள்தான் அவை. மாமாவின் எடை எண்பது கிலோ. அந்தப் பிரிவில் விடுதி மாணவர்களும் போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்களும் பத்துப் பன்னிரண்டு பேர் வெறியோடு நிற்பார்கள். ஒருமுறை அங்கே போய் மூக்கு உடைந்து திரும்பினார். ஆனால் எண்பத்தொரு கிலோவைத் தாண்டிவிட்டால் ஹெவிவெயிட். எங்கள் பக்கத்தில் கடலைக்காட்டு வெயிலில் வேலை செய்கிற உடம்புகள் அவ்வளவு தூரம் போவதில்லை; போன உடம்புகளுக்குக் குத்துச்சண்டையில் நாட்டம் இல்லை. மூக்கு ஆறுவதற்குள் மாமா இதைக் கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் போட்டியன்று காலையில் அம்மா தன் தம்பிக்குப் பன்னிரண்டு இட்லி, ஒரு சீப்பு வாழைப்பழம், எடை பார்க்கிற நிமிடம் வரைக்கும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் என்று ஏற்றுவாள். முள் எண்பத்தொன்றைத் தாண்டும். சாயங்காலம் மாமா ரிங்குக்குள் தனியாக ஏறி நிற்பார். நடுவர் அவர் கையைத் தூக்குவார். பதக்கத்தோடு பஸ் ஏறி ஆலங்குடிக்கு வந்துவிடுவோம்.

ஆகவே குத்துச்சண்டை என்றால் ஒருவர் மட்டும் மேடையேறி இறங்குவது என்றே எட்டு வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். மாமா தன் செல்போனில் வெளிநாட்டு ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளை ஓயாமல் பார்ப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு போட்டியில் சாம்பியனை எதிர்த்து வந்தவருக்குத் தாடையில் விழுந்தது. சாய்ந்தார். விழுந்த பிறகும் அவருடைய வலது கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. நடுவர் விரலை நீட்டிப் பத்து வரை எண்ணினார். பத்தோடு வீடியோவும் நின்றுவிட்டது. அந்த மனிதர் செத்துப்போய்விட்டார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். இதெல்லாம் வெளிநாட்டு வழக்கம், புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வராது என்று ஒரு தைரியம் இருந்தது.

ஏழாவது வருடம் வழக்கம்போல மூன்று பேரும் புதுக்கோட்டைக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூடத்தில்தான் போட்டி. மாமா எடைமெஷினில் ஏறினார். எண்பதே முக்கால். தண்ணீர் தொண்டை வரைக்கும் நிற்கிறது, இனி முடியாது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான்தான் குழாயடிக்கு ஓடிச் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

“கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்குல குடிங்க மாமா!”

குடித்தார். முள் எண்பத்தொன்றைத் தாண்டி நின்றது. நான் கைதட்டிக் குதித்தேன். குதித்துத் திரும்பினால், மாமாவுக்குப் பின்னால் ஓர் ஆள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசற்படியில் குனிந்துதான் நுழைய முடியும், அத்தனை உயரம். விராலிமலைக்காரராம். அவர் ஏறியதும் முள் தொண்ணூறைத் தொட்டுவிட்டு எண்பத்தொன்பதில் வந்து நின்றது.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “இந்த வருசம் ஹெவிவெயிட்டுக்கு ரெண்டு பேரு. நேரா பைனல். நாலு மணி.”

செல்போனில் பார்த்த அந்தக் கால் கண்முன்னால் வந்தது; இப்போது அது மாமாவின் காலாக இருந்தது. அந்தக் கடைசிச் சொம்பைக் கொண்டுவந்தது யார்? நான். மாமா இன்றைக்குச் செத்துப்போனால் நான்தான் கொன்றதாக ஆகும். மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து மறுபடி ஏறி நில்லுங்க மாமா. கொறஞ்சிரும்.”

“எழுதிட்டாங்கடி,” என்றார் மாமா. அவருடைய குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

ஒரு வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்து கையில் துணிப்பட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். விரல்கள் நடுங்கி, சுற்றச் சுற்ற அது அவிழ்ந்துகொண்டே இருந்தது. அம்மா பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வா தம்பி, வீட்டுக்குப் போயிருவோம். பதக்கமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

“போனா ஊருல தலைகாட்ட முடியாதுக்கா. ஆறு வருசமா சாம்பியன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாச்சு. ஒரு தடவையாச்சும் நின்னு பாத்துர்றேன்.”

அம்மா பையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். அம்மாவே அழுதுவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது? நழுவி வெளியே வந்து அந்த விராலிமலைக்காரரைத் தேடினேன்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் மாடிப்படிக்கு அடியில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காகிதத்தில் இரண்டு வாழைப்பழம் தொடாமல் கிடந்தது. கைகளை முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அடேயப்பா, என்ன கோபம் என்று நினைத்தேன். ஓடிவிடலாம் போலிருந்தது. அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“யாரு பாப்பா நீ?”

“சாம்பியனோட அக்கா மவ.”

அவர் இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தார். “ஒங்க மாமா பேய் அடி அடிப்பாராமே? ஆறு வருசமா ஒருத்தனும் முன்னால நிக்க முடியலயாமே?”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “இல்லண்ணே! எங்க மாமா யாரையுமே அடிச்சதில்லண்ணே. ஆறு வருசமும் ஆளே வரல. தண்ணி குடிச்சு குடிச்சுத்தான் வெயிட்டு ஏத்துனாரு. இன்னைக்கும் நான்தான் தண்ணி கொடுத்தேன். அவருக்குக் கையெல்லாம் நடுங்குது. எங்க மாமாவக் கொன்றாதீங்கண்ணே.”

“நெசமாவா?”

“எங்க ஊரு அம்மன் சத்தியமா.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்காலுக்கு நடுவிலிருந்து கைகளை எடுத்தார். ஒரு பழத்தை உரித்து இரண்டே வாயில் தின்றுவிட்டு, மற்றதை என் கையில் கொடுத்தார். “பயப்படாத பாப்பா, போ,” என்று தலையைத் தட்டினார். வாக்குக் கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன். செய்த நல்லதை வெளியே சொல்லக்கூடாது என்று அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை.

நாலு மணிக்கு மணி அடித்ததும் அந்த ஆள் நேராக மாமா மேல் வந்தார். மாமா பின்வாங்கவில்லை. ஒரு குத்து விட்டார். அது அந்த ஆளின் தோளில் பட்டு வழுக்கியது. அடுத்த நொடி மாமாவின் தாடை திரும்பிய சத்தம் எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது. முழங்கால் மடங்கிப் பக்கவாட்டில் விழுந்தார். நடுவர் எண்ண ஆரம்பித்தார். நான் மாமாவின் வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு. அஞ்சு. ஆறில் அந்தக் கால் வெட்டி இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு வீறிட்டேன். அம்மா என்னை உலுக்கியபோது எட்டு எண்ணி முடிந்திருந்தது. மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவர் அவர் கண்ணைப் பார்த்துவிட்டுப் போதும் என்று கையை அசைத்தார். பிறகு வேறு ஒருவரின் கையைத் தூக்கினார்.

ஆலங்குடி பஸ்ஸில் மாமா வீங்கிய தாடையில் ஈரத்துணியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“அந்த விராலிமலைக்காரனோட கோச்சு சொன்னாருக்கா,” என்று அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். “அவனுக்கு இதுதான் மொதச் சண்டையாம். என் பேரக் கேட்டே வெலவெலத்துப் போயி, மத்தியானம் வரைக்கும் பேர எடுத்துருங்க சார்னு அழுதானாம். எடுத்திருந்தா இந்த வருசமும் நமக்குத்தான். அதுக்குள்ள எவனோ போயி அவனுக்குத் தைரியம் சொல்லிட்டான் போல.”

“எந்தப் படுபாவியோ! அவன் நாக்கு அழுகிப்போக!” என்றாள் அம்மா.

எனக்கும் ஆத்திரம் பொங்கியது. விராலிமலைக்காரர் கொடுத்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, அந்தப் படுபாவி யாராக இருந்தாலும் நாசமாய்ப் போகவேண்டும் என்று எங்கள் அம்மனிடம் ஆலங்குடி வரும்வரை மனதார வேண்டிக்கொண்டு வந்தேன்.